அமாவாசையில் மட்டும் வெளுத்த துணி

காலை ஏழு மணிக்குப் பட்டறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நிற்பேன். பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போவார்கள். கடைசியாக ஞானப்பூ வருவாள். தூக்குவாளியைக் கீழே வைப்பாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். நான் பார்த்தேன் என்று தெரிந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. வைகாசியில் ஆரம்பித்தது, புரட்டாசி பிறக்கப்போகும் வரை தினமும் நடந்தது. அவள் கையை நீட்டும்போதெல்லாம் எனக்கு முகம் சுருங்கிப்போகும். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மனசு வரவில்லை. முதலாளி என்ற திமிர், வேறென்ன?

போன வாரம் பட்டறை ஆரம்பித்த கதையை இங்கே எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் மகள் போன் செய்தாள். "உங்க பெருமைதான் பக்கம் பக்கமா வந்திருக்கு. ஞானப்பூ அத்தையைப் பத்தி ஒரு வரி இல்லையேப்பா" என்றாள். நியாயமான கேள்வி. இந்த வாரம் முழுவதும் அவளுக்குத்தான்.

கழுவின கை

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இராஜபாளையத்தில் பஞ்சு மில்லுக்கு அடுத்தபடி பேர்போனது பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிறார்களே, அதேதான். விசைத்தறியில் இருந்து வரும்போது அது பழுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதைப் பெரிய தொட்டியில் வேகவைத்து, பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு, நல்ல தண்ணீரில் நாலு தடவை அலசி, வெயிலில் கயிறு கட்டிக் காயப்போட்டால் மல்லிகைப்பூ மாதிரி வெளுத்துவிடும். அந்த வெளுப்பைத்தான் நாங்கள் விற்றோம்.

என் சலவைப் பட்டறை சேத்தூர் போகும் ரோட்டை ஒட்டி, ஒரு தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் இருந்தது. இருபது பெண்கள். அவர்களில் காயப்போடும் களத்துக்குப் பொறுப்பு ஞானப்பூ. என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். எந்தக் கயிற்றில் எந்த ஈடு, அதாவது ஒரு தடவை வேகவைத்து எடுத்த துணி, கிடக்கிறது, எது காய்ந்தது, எது காயவில்லை என்பதெல்லாம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வைகாசி மாதம். மதுரையில் எங்களிடம் துணி வாங்கி ஆஸ்பத்திரிகளுக்குச் சப்ளை செய்துகொண்டிருந்தவர், ஒரு லோடு துணியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். பிரித்துப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக இல்லை. சாம்பல் பூசினது போல ஒரு மங்கல். உதறினால் போகவில்லை. விரலால் தேய்த்தால் நறநறவென்றது.

எனக்குக் கோபம் வந்தால் முன்பின் தெரியாது. களத்துக்கு ஓடினேன். இருபது பேர் பார்க்க, அந்தத் துணியை ஞானப்பூ முன்னால் எறிந்தேன்.

"காயத்துல வைக்கிற துணி இது. கையைக் கழுவிட்டு வேலைக்கு வரக்கூடத் தெரியாதா உனக்கு? தரையில போட்டு இழுத்தியா?" என்று கத்தினேன்.

அவள் துணியைக் குனிந்து எடுத்தாள். மடித்தாள். "நான் தரையில போடல அண்ணாச்சி" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் இருந்துதான் அந்தக் கை நீட்டல் ஆரம்பித்தது.

கரடு

தென்னந்தோப்பைத் தாண்டி மேற்கே போனால் ஒரு கரடு உண்டு. கரடு என்றால் மலையும் இல்லை, மேடும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையை உருட்டிக்கொண்டு வந்தவன் கைதவறிச் சிந்திவிட்டுப் போன மாதிரி, எங்கள் பக்கம் இப்படி நிறையக் கரடுகள். அதில் சீத்தாமரம் தானாக முளைத்துக் கிடக்கும். பாறை இடுக்கில் தேன் கட்டும். ஐப்பசி மழையில் அதன் முதுகில் இருந்து இறங்குகிற தண்ணீர் கீழே கண்மாய்க்குப் போய்ச் சேரும். கண்மாய் நிறைந்தால் என் பட்டறைக் கிணறும் நிறையும்.

அந்தக் கரட்டில் கல் குவாரி வந்தது. கூடவே கல்லை உடைத்து ஜல்லியாக்குகிற கிரஷரும் வந்தது. திறப்பு விழாப் பூஜைக்கு எனக்கும் அழைப்பு. போய் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மறைப்பானேன், துணி காயப்போடும் களத்துக்கு மண் படாமல் இருக்கட்டும் என்று நான் சிமெண்டுத் தளம் போட்டபோது, அதற்கு ஜல்லி வாங்கினதும் அங்கேதான். பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

மத்தியானம் ஒரு மணிக்குச் சங்கு ஊதும். பிறகு வெடி. எங்கள் பட்டறைச் சுவரில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் விழுந்தது. சுண்ணாம்பு வைத்து அடைத்தேன். இரண்டாவது வருடம் கரட்டின் ஒரு தோளைக் காணோம். சீத்தாமரங்கள் சாம்பல் குளித்து நின்றன. ஓடையில் கல்தூள் அடைத்துக்கொண்டு கண்மாய்க்குத் தண்ணீர் வரத்துக் குறைந்தது. என் கிணற்றில் இரண்டு படி கூடுதலாக இறங்கித்தான் தண்ணீர் எடுத்தோம். ஆடு மேய்க்கிறவர்கள் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார்கள். புல்லை ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது என்றார்கள்.

இதெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. ஒன்றையாவது ஒன்றோடு சேர்த்துப் பார்த்தேனா? இல்லை. கிரஷர் ஒரு மைலுக்கு அப்பால் இருக்கிறது, நடுவில் ஒரு தோப்பே இருக்கிறது, நம் துணிக்கும் அதற்கும் என்ன என்று இருந்தேன். வைகாசி பிறந்து செங்கோட்டைப் பக்கமிருந்து சாரல் காற்று எழும்பினால் நாலு மாதம் மேற்கே இருந்து கிழக்கே அடிக்கும் என்பது இங்கே பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் புத்தி வேலை செய்யவில்லை.

அமாவாசை மகிமை

இப்போது என் முட்டாள்தனத்தின் உச்சத்துக்கு வருகிறேன். சிரிக்க விரும்புகிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

மங்கலைப் போக்க பிளீச்சிங் பவுடரைக் கூட்டினேன். துணி வெளுக்கவில்லை, நைந்து போனது. கையில் பிடித்தால் கிழிந்தது. தொட்டியை மாற்றினேன். கயிற்றை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

வைகாசி அமாவாசை அன்றைக்குக் காயப்போட்ட ஈடு மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தது. மறுநாள் பழையபடி சாம்பல். ஆனி அமாவாசைக்கும் அதே மாதிரி. அன்றைக்குக் காய்ந்தது அத்தனையும் வெள்ளை.

எனக்குப் புல்லரித்துவிட்டது. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன். வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டினேன். களத்தின் நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம். இனிமேல் வேகவைத்த துணியை ஈரத்தோடு சேர்த்து வைத்திருந்து, அமாவாசை அன்றைக்கு மொத்தமாகக் காயப்போடலாமா என்றுகூட யோசித்தேன். பேண்டேஜ் துணியை மாதம் ஒருநாள் மட்டும் காயப்போட்டுத் தொழில் நடத்தப் பார்த்த மனிதன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதற்கிடையில் மதுரைக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. புரட்டாசி பிறப்பதற்குள் முழு லோடும் பழைய வெள்ளையில் வரவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தார். அவர் போனால் பட்டறையை மூடவேண்டியதுதான். இருபது பெண்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அந்தக் கடிதத்தைப் படித்த கையோடு பூசணிக்காய்க்கு இன்னும் கொஞ்சம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன். ஞானப்பூ பின்னால் வந்து நின்றாள். கை நீட்டல் தொடங்கிய பிறகு அவளாக என்னிடம் பேசியது அன்றைக்குத்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா ஏசமாட்டீகளே?"

"சொல்லு."

"நாங்க வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுக. எங்களுக்கு அமாவாசையும் தெரியாது, பௌர்ணமியும் தெரியாது. ஆனா அமாவாசைன்னா எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியும். அன்னைக்குத்தான் எங்க வீட்டுக்காரருக்கு லீவு."

அவள் புருஷன் செல்லையா கிரஷரில் கல் அள்ளிப்போடுகிறவர். அங்கே ஞாயிற்றுக்கிழமைகூட மிஷின் ஓடும். அமாவாசைக்கு மட்டும் மிஷினுக்குப் பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து, நிறுத்திவிடுவார்கள். நான் கையில் குங்குமத்தோடு அப்படியே நின்றேன்.

அவள் இடுப்பில் செருகியிருந்த ஒரு துணித்துண்டை எடுத்து விரித்தாள். எங்கள் பட்டறையில் கழித்துப் போடும் வெட்டுத்துண்டுதான். "இது அவிய மூக்குல கட்டிக்கிட்டுப் போறது. சாயந்திரம் அவுத்தா இப்படித்தான் இருக்கு. கயித்துல கிடக்கிற துணியும் இதே நிறந்தான். தொட்டுப் பாருங்க, இதே நறநறப்புதான்" என்றாள்.

தொட்டுப் பார்த்தேன். அதே நறநறப்பு.

"எத்தனை நாளா உனக்கு இது தெரியும்?"

"பத்து நாளா."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா அவிய வேலை போயிருமே அண்ணாச்சி. பொறவு யோசிச்சேன். அவிய இருமுற இருமலைக் கேட்டுக்கிட்டே எத்தனை நாளைக்கு வாயை மூடிக்கிட்டு இருக்க? இங்கயும் இருபது வீடு இருக்கு."

முப்பது துண்டு

நேரே கிரஷருக்குப் போனேன். மேனேஜர் சிரித்தார். "உங்க சலவை சரியில்லைன்னா என் கல் என்னங்க பண்ணும்?" என்றார். நான் என் வழக்கப்படி கத்தினேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

மனு எழுதினேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் விருதுநகருக்கும் பஸ்ஸில் அலைந்தேன். ஒரு ஆபீசில் பார்க்கிறேன் என்றார்கள். இன்னொரு ஆபீசில் தூசிக்கு என்ன ஆதாரம் என்றார்கள். காற்றில் பறப்பதை எந்தப் பையில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பது?

பிடித்துக் காட்டியவள் ஞானப்பூ. ஒரே ஈட்டில் இருந்து முழ நீளத்துக்கு முப்பது துண்டு வெட்டினாள். களத்து நடுவில் மூங்கில் கம்பு நட்டு, ஆள் கை எட்டாத உயரத்தில் தினமும் ஒரு ஈரத்துண்டைக் காலையில் கட்டுவாள், சாயந்திரம் இறக்குவாள். துணி ஓரத்தில் அன்றைய கிழமையையும் தேதியையும் மார்க்கிங் மையால் என்னைக்கொண்டு எழுதவைப்பாள். ஆடி அமாவாசைக்கு ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு என்றாலும், கோயிலுக்குப் போகிற வழியில் வெள்ளைச் சேலையோடு வந்து துண்டைக் கட்டிவிட்டுத்தான் ஜெபத்துக்குப் போவாள்.

அத்தனை நாளும் காலையில் கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் கம்பத்துக்குப் போனாள். அதை மட்டும் விடவில்லை.

ஆவணி அமாவாசை அன்றைக்குக் கடைசித் துண்டை இறக்கி, முப்பதையும் ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டிப் பார்த்தோம். இந்த முனையில் ஒரு வெள்ளை. அந்த முனையில் ஒரு வெள்ளை. நடுவில் எல்லாம் சாம்பல். சாரல் நன்றாகப் பிடித்த இரண்டு நாள் துண்டு மட்டும் கொஞ்சம் தெளிவாக இருந்தது. அதையும் எடுக்கக்கூடாது, இருந்தது இருந்தபடி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

"எங்கேய்யா தூசி?"

ஒருவழியாக அதிகாரி வந்தார். எங்களுக்கு அவர் வருவது காலையில்தான் தெரியும். கிரஷர்காரர்களுக்கு முதல்நாளே தெரிந்திருக்கிறது. மிஷினை நிறுத்தி, ரோடு முழுக்க லாரியில் தண்ணீர் தெளித்து, கல்யாண வீட்டு வாசல் மாதிரி வைத்திருந்தார்கள். மேனேஜர் தன் ஆட்களில் நாலு பேரை அழைத்துக்கொண்டு அதிகாரியோடு எங்கள் களத்துக்கே வந்தார். அந்த நாலு பேரில் செல்லையாவும் ஒருவர்.

அதிகாரி வானத்தைப் பார்த்தார். "எங்கேய்யா தூசி?" என்றார்.

"அதானே சார்" என்றார் மேனேஜர்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பொய்யன் என்று ஆரம்பித்து என்னென்னவோ கத்தினேன். அதிகாரியின் முகம் மாறியது. ஜீப்பைப் பார்த்துத் திரும்பினார். முடிந்தது கதை, நானே கெடுத்துவிட்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஞானப்பூ என் முன்னால் வந்து நின்றாள். "நீங்க செத்த நேரம் சும்மா இருங்க அண்ணாச்சி" என்றாள். பிறகு இரண்டு பெண்களைக் கயிற்றை விரித்துப் பிடிக்கச் சொன்னாள். முப்பது துண்டும் காற்றில் ஆடின.

அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். விரலால் தேய்த்தார். "தேதியை நீங்களே எழுதிக்கலாமே. இது உண்மைன்னு நான் எப்படி நம்புறது?" என்றார். நியாயமான கேள்விதான்.

"ரெண்டு மொனையிலயும் இருக்கிறது அமாவாசைத் துணி சார். அன்னைக்கு மட்டுந்தான் மிஷின் ஓடாது. அது எனக்கு எப்படித் தெரியும்னா, எங்க வீட்டுக்காரர் அங்கதான் வேலை பாக்காரு. அந்தா நிக்காரு" என்று கையைக் காட்டினாள்.

செல்லையா மேனேஜரைப் பார்த்தார். பெண்சாதியைப் பார்த்தார். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். இருமலை அடக்கிக்கொண்டு நின்றார்.

"அமாவாசைக்கு மட்டுந்தான் லீவாய்யா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமா சார்."

"இன்னைக்கு ஏன் ஓடலை?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "ஆபரேட்டர் வரலை சார். ஊர்ல இல்லை."

செல்லையா தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "ஆபரேட்டர் டீக்கடையில உக்காந்திருக்காரு சார். கூப்பிட்டா வந்துருவாரு."

அதிகாரியே சிரித்துவிட்டார். ஆபரேட்டர் வந்தார். மிஷின் ஓடியது. ஞானப்பூ புதுத்துண்டு ஒன்றைக் கம்பத்தில் கட்டினாள். ஒரு மணி நேரத்தில் அதைக் கீழே இறக்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. அதிகாரியின் வெள்ளைச் சட்டைத் தோளிலேயே நரை விழுந்திருந்தது. அவர் ஜீப் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு போட்டுப் பார்த்தார். பிறகு பேசாமல் ஃபைலைத் திறந்தார்.

நன்றி என்று சொன்னால் இதற்குத்தான்

மிஷினை நிறுத்திவைக்க உத்தரவு வந்தது. இரண்டு மாதம் கழித்து மறுபடி ஓடியபோது, சுற்றித் தகரம் அடைத்து, தண்ணீர் பீச்சிக்கொண்டு, கரட்டின் மேற்குப் பக்கத்துக்கு மாறிப்போய் ஓடியது. தூசி முழுக்க நிற்கவில்லை. ஆனால் எங்கள் துணி வெளுத்தது. மதுரைக்காரர் பழையபடி லோடு எடுத்தார். என் மகள் படித்தது, அவள் கல்யாணம், நான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிற இந்த வீடு, எல்லாம் அந்த வெளுப்பில் வந்தது.

கரட்டைக் காப்பாற்றினோம் என்று பொய் சொல்லமாட்டேன். தொண்ணூறுகளின் பாதியில் அது பள்ளமாகிவிட்டது. இப்போது அங்கே பச்சையாகத் தண்ணீர் நிற்கிறது, ஆழம் யாருக்கும் தெரியாது. என் களத்துத் தளத்துக்குள்ளும் அதில் ஒரு பங்கு கிடக்கிறது. மிதிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

செல்லையா எங்கள் பட்டறையிலேயே துணி வேகவைக்கும் தொட்டிக்கு வந்துவிட்டார். கல்தூள் நெஞ்சைவிட்டு முழுக்கப் போகவில்லை, மழைக்காலத்தில் இருமுவார். ஆனாலும் பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துக்கு நடந்துபோகிற அளவுக்குப் பல வருடம் நன்றாக இருந்தார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பழகிப்போச்சு அண்ணாச்சி, அமாவாசைக்கு மட்டும் லீவு குடுத்துருங்க." ஞாயிற்றுக்கிழமையோடு சேர்த்து அதையும் கொடுத்தேன். எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் அமாவாசை லீவு வந்தது இப்படித்தான்.

மறுபடியும் ஏழு மணி

அதிகாரி வந்துபோன மறுநாள் காலைக்கு வருகிறேன். முதல்நாள் சாயந்திரமே செல்லையாவை இனி கிரஷர் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தி எனக்குத் தெரிந்திருந்தது. ஞானப்பூ இன்றைக்கு வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன்.

கடைசி ஆளாக வந்தாள். தூக்குவாளியைக் கீழே வைத்தாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினாள்.

என்னால் முடியவில்லை. "போதும் ஞானப்பூ. தப்பு என்னுது. உன் கையில ஒண்ணும் இல்லை" என்றேன்.

அவள் கையை மடக்கவில்லை. "என்னை ஏசினப்ப எங்க வச்சு ஏசினீக?" என்று கேட்டாள்.

களத்தில் வைத்து. இருபது பேர் பார்க்க.

அவளுக்கு முன்னால் நான் களத்துக்கு நடந்தேன். கயிறு கட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இவ்வளவு கத்தத் தெரிந்த எனக்கு அன்றைக்குச் சத்தமே வரவில்லை. கஷ்டப்பட்டுத்தான் சொன்னேன். "அன்னைக்கு ஞானப்பூவை நான் பேசினது தப்பு. அவ கை சுத்தம். என் வாய்தான் சுத்தம் இல்லை. மன்னிச்சுக்கோம்மா."

ஞானப்பூ சேலைத் தலைப்பில் கண்ணைத் துடைத்தாள். பிறகு குனிந்து ஈரத்துணியின் ஒரு முனையை எடுத்தாள். மறுமுனையை என் பக்கம் நீட்டினாள்.

"பிடிங்க அண்ணாச்சி" என்றாள். "கையைக் கழுவிட்டீகளா?"